குயிக் கனெக்டர் ஒழுகினால்: அறிகுறியைப் பிடித்துக் கோளாறைத் தேடும் வழி

2020 ஏப்ரல் 1 முதல் வண்டிப் புகைக்கான பி.எஸ். 6 விதி அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு வாங்கிய பைக்கோ ஸ்கூட்டரோ உங்களிடம் இருந்தால், பெரும்பாலும் அதில் கார்புரேட்டர் இருக்காது. டேங்குக்குள் ஒரு மின் பம்ப், என்ஜின் பக்கம் பெட்ரோலைப் பீய்ச்சும் ஒரு இன்ஜெக்டர், இரண்டுக்கும் நடுவே ஒரு ஹோஸ். அந்த ஹோஸின் முனையில் ‘டிக்’ என்று மாட்டும் பிளாஸ்டிக் மூட்டுதான் குயிக் கனெக்டர். கார்களில் இது முன்பே இருந்தது. பைக் வழியாகத்தான் நம்மூர்ச் சின்னப் பட்டறைகள் வரை வந்து சேர்ந்தது.

கார்புரேட்டர் காலத்தில் பெட்ரோல் டேங்கிலிருந்து தானாக இறங்கி வரும். ஹோஸை நிப்பிளில் சொருகி ஒரு கம்பிக் கிளிப் போட்டால் வேலை முடிந்தது. இப்போது அதே இடத்தில் ஏறக்குறைய 3 பார் அழுத்தம் நிற்கிறது. பைக் டயரில் அடிக்கும் காற்றைவிட அதிகம். என்ஜினை நிறுத்திய பிறகும் அந்த அழுத்தம் உடனே இறங்காது. பழைய பழக்கத்தில் கொறடும் ஸ்க்ரூ டிரைவருமாக இதை நெம்புகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

இதே வகை மூட்டு டீசல் வண்டியிலும் இருக்கிறது, என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் குழாயிலும் இருக்கிறது, கடற்கரையில் வள்ளத்து (மீன்பிடிப் படகு) எஞ்சினிலும் இருக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கோளாறு காட்டாது. அதனால் எந்த வண்டி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது: இந்த மூட்டு பம்புக்குப் பின்னால் இருக்கிறதா, முன்னால் இருக்கிறதா? பம்ப் தள்ளும் பக்கம் என்றால் கோளாறு வெளியே ஒழுகும், மணக்கும். பம்ப் இழுக்கும் பக்கம் என்றால் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது. காற்று உள்ளே போகும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் தேட ஆரம்பித்தால் அரை நாள் வீண்.

உள்ளே என்ன இருக்கிறது

கனெக்டர் போய் மாட்டும் குழாயின் முனையில், நுனியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு சுற்றுமேடு இருக்கும். கனெக்டரின் வாய்க்குள் முதலில் லாக். அதன் நாக்குகள் அந்தச் சுற்றுமேட்டுக்குப் பின்னால் விழுந்து பிடித்துக்கொள்ளும். இன்னும் உள்ளே போனால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். சிலவற்றில் ஒன்று, பலவற்றில் இரண்டு, நடுவே மெல்லிய பிளாஸ்டிக் வளையம்.

லாக்கின் வேலை பிடிப்பது. அடைப்பது ஓ-ரிங்கின் வேலை. குழாயைத் தள்ளும்போது ஓ-ரிங் முதலில் பற்றிக்கொள்ளும், லாக் கடைசியில்தான் விழும். ஆகவே லாக் விழாமலே மூட்டு ஒழுகாமல் நிற்க முடியும். பட்டறையில் வைத்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். வண்டி இரண்டு வேகத்தடை ஏறி இறங்கியதும் கழன்று வரும். அதற்கு நேர்மாறாக, லாக் நன்றாகப் பிடித்திருந்தும் ஓ-ரிங் போயிருந்தால் ஒழுகும். இரண்டையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

கை வைக்கும் முன்

பம்புக்குப் போகும் ஒயர் சாக்கெட்டைப் பிடுங்குங்கள், அல்லது பம்ப் ஃபியூஸை எடுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, அது தானாக நிற்கும்வரை விடுங்கள். இன்னும் ஓரிரு விநாடி செல்ஃப் அடியுங்கள். பிறகு சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இவ்வளவுக்கும் பிறகு மூட்டைத் திறக்கும்போது கொஞ்சம் பெட்ரோல் வரத்தான் செய்யும். அதனால் ஒரு பருத்தித் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். பக்கத்துக் கடையில் கிரில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தால் இந்த வேலையைத் தள்ளிப் போடுங்கள். பழைய குண்டு பல்ப் தொங்கவிட்டு வேலை பார்க்காதீர்கள், எல்.இ.டி. டார்ச் போதும். என்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

மணம் வருகிறது, ஆனால் ஒழுகல் எதுவும் தெரியவில்லை

அதிகமாக வரும் புகார் இதுதான். வண்டியை வீட்டுப் போர்டிகோவில் விட்ட பிறகு மணக்கும். போய்ப் பார்த்தால் தரையில் ஒன்றும் இருக்காது. மெல்லக் கசியும் பெட்ரோல் சூடான என்ஜின் பக்கத்திலேயே ஆவியாகிவிடும், சொட்டும் அளவுக்குச் சேராது.

ஈரத்தைத் தேடாதீர்கள், கறையைத் தேடுங்கள். மூட்டைச் சுற்றி எல்லா இடமும் புழுதி படிந்திருக்க, ஓரிடம் மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தால் பெட்ரோல் அந்த வழியாக வந்திருக்கிறது. ரொம்ப நாள் கசிந்த இடத்தில் பழுப்பாக, வார்னிஷ் பூசினாற்போல் ஒரு படலம் இருக்கும். கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றில் ஓடும் வண்டிகளில் இந்தச் சோதனை எளிது, ஏனென்றால் புழுதிக்குக் குறைவே இல்லை. மழைக்காலத்து வண்டி என்றால் முதலில் துடைத்து உலரவிட வேண்டும்.

அடுத்து, ஒரு டிஷ்யூ பேப்பரை மூட்டின் வாயைச் சுற்றிக் கட்டுங்கள். கழற்றிய பேட்டரி, பம்ப் இணைப்பைத் திரும்ப மாட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திறங்கள். பம்ப் இரண்டு மூன்று விநாடி ‘ஙீ’ என்று ஓடி நிற்கும். அணைத்து மறுபடி திறங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்தால் லைனில் முழு அழுத்தம் ஏறிவிடும். பிறகு ஒரு கையால் ஹோஸை மேலும் கீழும் பக்கவாட்டிலும் லேசாக ஆட்டுங்கள். நேராக இருக்கும்போது அடைத்துக்கொண்டும் ஆட்டினால் மட்டும் நனைத்துக்கொண்டும் இருந்தால் ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது ஹோஸ் எங்கேயோ இழுபட்டுக்கொண்டிருக்கிறது. ஏர் ஃபில்டர் மாற்றியபோதோ டேங்கைத் தூக்கியபோதோ ஹோஸ் தவறான பக்கம் போயிருக்கலாம். டேங்கை இறக்கும்போது ஹோஸ் சட்டத்துக்கும் டேங்குக்கும் நடுவே நசுங்குவதும் உண்டு. அப்படியானால் கனெக்டரை மாற்றிப் பயனில்லை, பாதையைச் சரிசெய்ய வேண்டும்.

டிஷ்யூ உலர்ந்தே இருந்து, மணம் மட்டும் தொடர்ந்தால் டேங்க் மூடியின் ரப்பர், ஆவிக்குழாய், பம்ப் தட்டின் கேஸ்கெட் ஆகியவற்றைப் பாருங்கள். நிறைய வண்டிகளில் பழி மட்டும்தான் கனெக்டர் மேல்.

ஒழுகல் கண்ணுக்குத் தெரிகிறது

எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

குழாய் நுழையும் வாயிலிருந்து வந்தால் ஓ-ரிங், அல்லது குழாய் முனையின் மேல்பரப்பு. கழற்றியதும் ஓ-ரிங்கை மட்டும் பார்த்துவிட்டுப் புதிதாகப் போடுகிறவர்கள்தான் அதிகம். குழாய் முனையை நகத்தால் தடவிப் பார்ப்பவர்கள் குறைவு. நகத்தில் தட்டுப்படும் நீளவாக்குக் கீறல் ஒன்று இருந்தால் எத்தனை புது ஓ-ரிங் போட்டாலும் அந்தக் கீறல் வழியே பெட்ரோல் நடந்து வெளியே வரும். கொறடால் பிடித்துத் திருகியதன் அடையாளமாக இது பெரும்பாலும் இருக்கும். குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் என்று உப்புக்காற்று படும் ஊர் வண்டிகளில் இரும்புக் குழாயின் முனையில் துருப் புள்ளிகள் இருக்கும். மெல்லிய துரு என்றால் நைஸ் எம்ரி பேப்பரைக் குழாயைச் சுற்றி வளைத்துப் பிடித்து, வட்டமாக மட்டும் தேயுங்கள். முன்னும் பின்னுமாக இழுக்காதீர்கள். வட்டமாக விழும் கோடு ஓ-ரிங்குக்கு இணையாக இருப்பதால் வழி விடாது. நீளவாக்கில் விழும் கோடு பெட்ரோலுக்கு நாமே வெட்டிக் கொடுக்கும் ஓடை. துரு குழி பறித்திருந்தால் எம்ரி பயனில்லை, குழாயையே மாற்ற வேண்டும்.

பின்பக்கம், ஹோஸும் கனெக்டரும் சேரும் இடத்திலிருந்து வந்தால் அது வேறு கதை. அங்கே கனெக்டரின் முள்முள்ளான தண்டு நைலான் குழாய்க்குள் இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். அதன்மேல் திருகு கிளிப் போட்டு இறுக்கினால் நின்றுவிடும் என்று நினைக்கத் தோன்றும். நைலான் என்பது ரப்பர் இல்லை. கிளிப் அழுத்தினால் ஒடுங்கி அடைக்காது, நசுங்கி வெடிக்கும். ஹோஸை கனெக்டரோடு சேர்த்து மாற்றுவதே சரி.

உடம்பில் விரிசல் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, மாற்றுங்கள். பசை, டேப், இரண்டு கலவை சேர்த்துப் பூசும் அடைப்பு எதுவும் பெட்ரோலிலும் 3 பார் அழுத்தத்திலும் நிற்காது. கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு ரப்பர் ஹோஸ் சொருகிக் கிளிப் போட்ட வண்டிகளும் வருகின்றன. கார்புரேட்டர் வண்டிக்கு விற்கும் சாதாரண ஹோஸ் இந்த அழுத்தத்துக்கு ஆனதல்ல. வேறு வழியே இல்லாமல் ரப்பர் ஹோஸ் போட நேர்ந்தால் அதன்மேல் ‘எஸ்.ஏ.இ. 30 ஆர் 9’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் இன்ஜெக்டர் வண்டிக்கு உரியது, ‘ஆர் 7’ அல்ல. அப்படியே போட்டாலும் அது வீடு போய்ச் சேரும் வரைக்கும்தான்.

சர்வீஸ் முடிந்து எடுத்த பிறகு ஒழுகுகிறது, அல்லது கழன்றே வந்துவிட்டது

மேலே சொன்ன அரைகுறை லாக்தான் இது. ‘டிக்’ என்ற சத்தத்தை நம்பாதீர்கள். கம்ப்ரஸர் ஓடும் பட்டறையில் அது காதில் விழாது. மாட்டியதும் கனெக்டரைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பாருங்கள். ஹோஸைப் பிடித்து இழுக்கக் கூடாது, கனெக்டரின் உடம்பைப் பிடித்து இழுக்க வேண்டும். லாக் விழுந்திருந்தால் ஒரு மில்லிமீட்டர் போல ஆடும், வராது.

இரண்டாவது பூட்டு இருக்கும் வகைகளில், அதாவது வேறு நிறத்தில் ஒரு தட்டோ கிளிப்போ பக்கவாட்டில் தள்ளும்படி இருந்தால், அது தன் இடத்தில் முழுதாகப் போய் உட்காராவிட்டால் உள்லாக் விழவில்லை என்று அர்த்தம். சுத்தியால் தட்டி உட்கார வைப்பதற்காக அதை வைக்கவில்லை. அது போகாமல் மறுப்பதே ஒரு எச்சரிக்கை. கழற்றி, பார்த்து, மறுபடி மாட்டுங்கள்.

இன்னொன்று: சில கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகத்தில், கனெக்டரைக் கழற்றினால் உள்ளே உள்ள லாக் துண்டைப் புதிதாகப் போட வேண்டும் என்றே எழுதியிருக்கும். சின்னத் துண்டுதானே என்று பழையதையே போட்டால், விரிந்துபோன நாக்கு சுற்றுமேட்டைப் பாதிதான் கவ்வும். உங்கள் வண்டிக்கு அப்படி விதி உண்டா என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தள்ளினால் முழுதாகப் போக மாட்டேன் என்கிறது

பெரும்பாலும் ஓ-ரிங் உப்பியிருக்கும். பெட்ரோலில் ஊறிய ஓ-ரிங் கொஞ்சம் பருப்பது இயல்பு. உலர்ந்த குழாயை அதன்மேல் அழுத்தினால் பிடித்து இழுக்கும், சுருண்டுவிடும், சில நேரம் வெட்டுப்படும். குழாய் முனையில் புது என்ஜின் ஆயிலை இரண்டு மூன்று சொட்டு தடவுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். கிரீஸ் வேண்டாம். சோப்புத் தண்ணீரும் வேண்டாம், அது தண்ணீர் பைப் வேலைக்கு ஆனது.

அப்படியும் போகாவிட்டால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பழைய ஓ-ரிங் உள்ளேயே இருக்க, அதன்மேல் புதிது போட்டிருப்பார்கள். அல்லது நடுவளையம் சாய்ந்திருக்கும். கோணலாகத் தள்ளினாலும் போகாது. இடம் நெருக்கமான ஸ்கூட்டர்களில் இதுதான் தொல்லை. சீட் பெட்டியைக் கழற்றிவிட்டு நேராகத் தள்ளும் வேலை, கழற்றாமல் கோணலாக மல்லுக்கட்டும் வேலையைவிடச் சீக்கிரம் முடியும்.

கழற்ற வரவில்லை

முதலில் அது எந்த வகை என்று தெரிய வேண்டும். இரு பக்கமும் பொத்தான்போல் அழுத்துவது ஒன்று. நிறத்தட்டை இழுத்துவிட்டுப் பிறகு அழுத்துவது ஒன்று. வெளியே எதுவுமே தெரியாமல், குழாய்க்கும் கனெக்டருக்கும் நடுவே வட்டமான பிளாஸ்டிக் கருவியை நுழைத்து நாக்குகளை விரித்துக் கழற்றுவது இன்னொன்று. மூன்றாவது வகையை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ஒரு நாக்கு விலகும், மறு நாக்கு பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் குழாயில் கீறல் விழுந்துவிடும். அந்தக் கருவி செட் பெரிய விலையில்லை.

வகை தெரிந்தும் வரவில்லையென்றால் மண்தான் காரணம். லாக்குக்குள் மணலும் சேறும் இறுகியிருக்கும். திறப்பதற்கு முன் காற்றடித்து ஊதுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள். இது வெளியே எடுப்பதற்காக மட்டுமல்ல. ஊதாமல் திறந்தால் அந்த மணல் நேராக இன்ஜெக்டருக்குப் போகும்.

பிறகு ஒரு சின்ன உத்தி: இழுக்கும் முன் கனெக்டரை உள்பக்கமாகத் தள்ளுங்கள். சுற்றுமேடு நாக்கை அழுத்திக்கொண்டிருப்பது விலகும். தள்ளிய நிலையிலேயே பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, லேசாக இடம் வலமாகத் திருப்பியபடி இழுங்கள். முக்கால்வாசி வண்டிகளில் இதிலேயே வந்துவிடும். லைனில் அழுத்தம் மிச்சமிருந்தாலும் வராது, அப்போது மேலே சொன்ன முதல் வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

காலையில் மட்டும் எடுக்காது

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு விடியும் முன்பே வண்டி வேண்டும். அப்படி ஒருவர் வந்து சொன்னார்: “அண்ணே, காலத்த மட்டும் எடுக்க மாட்டேங்கு. ஒருவாட்டி எடுத்துட்டா பிறவு நாள் முழுக்க ஒரு அடியில எடுக்கும்.”

“சாவியைப் போட்ட உடனே செல்ஃப் அடிக்கியா தம்பி?”

“ஆமா.”

“நாளைக்கு சாவியை மட்டும் திற. பம்ப் சத்தம் நின்ன பிறவு அணைச்சுடு. அதே மாதிரி மூணு வாட்டி. பிறவு அடி.”

மறுநாள் உடனே எடுத்தது. இதிலிருந்து தெரிவது: ராத்திரி முழுக்க லைனில் அழுத்தம் நிற்கவில்லை. எங்கே போகிறது என்பதுதான் மிச்சம். மூட்டு வழியாக வெளியே போனால் காலையில் மணக்கும், கறை இருக்கும். அவர் வண்டியில் மணம் துளிகூட இல்லை. அப்படியானால் பெட்ரோல் வெளியே வரவில்லை, உள்ளேயே இறங்குகிறது. ஒன்று பம்பின் ஒருவழி வால்வு பிடிக்காமல் டேங்குக்கே திரும்பிப் போகிறது, அல்லது டேங்குக்குள் பம்ப் தலையில் இருக்கும் ஓ-ரிங் விட்டிருக்கிறது, அல்லது இன்ஜெக்டர் சொட்டுகிறது. இன்ஜெக்டர் சொட்டினால் காலையில் எடுக்கும்போது புகையோடு பெட்ரோல் மணம் சைலன்ஸரில் வரும். மணம் இல்லாத காலைக் கோளாறுக்கு வெளியே இருக்கும் கனெக்டரை மாற்றிக் காசை வீணாக்காதீர்கள்.

ஹோஸில் ஊசித்துளை

கனெக்டர் நன்றாக இருக்க, அதை ஒட்டிய ரப்பர் ஹோஸில் மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். துளையைக் கூர்ந்து பாருங்கள். ஓரம் கடித்துக் குதறியிருந்தால் எலி. ஓரம் சீராக, சின்னத் துளையிடும் கருவியால் போட்டாற்போல் வட்டமாக இருந்தால் வண்டு.

ரப்பர்த் தோட்டம் சூழ்ந்த ஊர்களில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மரத்தைத் துளைக்கும் சின்ன வண்டுகளில் ஒரு வகை, பட்டுப்போகும் மரத்திலிருந்து வரும் எத்தனால் வாசனையைப் பிடித்துப் போய்த்தான் துளைபோடும். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. மரத்தடியில் நிறுத்திய வண்டியின் ஹோஸ் அதற்கு இன்னொரு கிளை. துளை விழுந்த ஹோஸை மாற்ற வேண்டும், ஒட்டக்கூடாது. மாற்றியபின் ஹோஸ்மேல் நெருக்கமான கம்பி வலை உறை ஏற்றிவிடலாம். இன்சுலேஷன் டேப் சுற்றுவது கண்துடைப்பு; பெட்ரோல் பட்டால் அதன் பசை கரைந்துவிடும்.

டீசல் வண்டி: ஒரு சொட்டு வெளியே இல்லை, ஆனால் எடுக்காது

இனி இழுக்கும் பக்கம். டேங்குக்குள் தனிப் பம்ப் இல்லாமல், என்ஜின் பக்கத்துப் பம்பே டீசலை இழுக்கும் வண்டிகளில் டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள எல்லா மூட்டும் உறிஞ்சும் நிலையில் இருக்கும். ஓ-ரிங் விட்டால் காற்றுதான் உள்ளே போகும். அறிகுறி: ஓடும்போது சில நேரம் இழுவை குறைந்து விக்கும், நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். ஃபில்டர்மேல் உள்ள கைப்பம்பை அடித்தால் உடனே எடுக்கும். பேச்சிப்பாறைப் பக்கம் ஏற்றத்தில் மூக்கைத் தூக்கி நிறுத்திய வண்டியில் இது இன்னும் மோசமாகத் தெரியும், ஏனென்றால் டீசல் பின்னால் டேங்குக்கே வடிந்துவிடும்.

பம்புக்கு முன்னால் டீசலுக்குத் தாங்கும் தெளிவான ஹோஸ் ஒரு துண்டு இடையில் போட்டு என்ஜினை ஓட்டுங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். பிறகு டேங்க் பக்கத்திலிருந்து ஒவ்வொரு மூட்டாக அந்தத் துண்டை மாற்றிப் போட்டுப் பாருங்கள். குமிழி எந்த மூட்டுக்குப் பிறகு ஆரம்பிக்கிறதோ அதுதான். கைப்பம்புக்கு அப்புறம் இருக்கும் மூட்டுகளுக்கு இன்னொரு குறுக்குவழி உண்டு: கைப்பம்பை இறுக அடித்தால் அங்கே அழுத்தம் ஏறும், உள்ளே காற்று இழுத்த அதே இடம் இப்போது டீசலில் நனையும்.

இன்ஜெக்டர் தலையில் மாட்டும், மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் சின்ன ரிட்டர்ன் கனெக்டர்களில் ஒழுகினால் என்ஜின் மேலேயே டீசல் தேங்கும். அதன் ஓ-ரிங் மாற்றுவது எளிது. ஆனால் பக்கத்திலேயே போகும் இரும்புக் குழாய்கள் எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் 1000 பாருக்கும் மேல் அழுத்தம் தாங்குபவை. என்ஜின் ஓடும்போது ஒழுகலை விரலால் தடவித் தேடாதீர்கள். அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும், அது ஆஸ்பத்திரி கேஸ்.

வள்ளத்து எஞ்சின்: கொஞ்ச தூரம் ஓடி அணைந்துவிடுகிறது

வள்ளத்தின் பின்னால் வெளியே மாட்டும் வெளிப்பொருத்து எஞ்சினில் டேங்கிலிருந்து வரும் ஹோஸின் நடுவே கையால் அமுக்கும் ரப்பர் பல்ப், முனைகளில் மாட்டிக் கழற்றும் கனெக்டர். இந்தக் கனெக்டருக்குள் ஒரு ஸ்பிரிங் குண்டு இருக்கும். மாட்டினால் திறக்கும், கழற்றினால் மூடும். பெட்ரோலில் எடுத்து மண்ணெண்ணெயில் ஓட்டினாலும் கோளாறின் முறை மாறாது.

எஞ்சின் இருமும்போது ஒருவர் பல்ப்பை அமுக்கிக்கொண்டே இருக்கட்டும். அமுக்கினால் ஓடுகிறது, விட்டால் அணைகிறது என்றால் குறை எரிபொருள் வரத்தில். இப்போது பல்ப்பைப் பாருங்கள். சப்பி ஒட்டிக்கொண்டால் டேங்கிலிருந்து வர வழியில்லை: டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கிறது, அல்லது டேங்க் பக்கக் கனெக்டரின் குண்டு முழுதாகத் திறக்கவில்லை, அல்லது உள்ளே வலை அடைத்திருக்கிறது. அவசரத்தில் காற்றுத் திருகை மறப்பதுதான் இதில் நிறைய.

பல்ப் எத்தனை அமுக்கினாலும் இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் காற்று இழுக்கிறது. எஞ்சின் பக்கக் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி அமுக்குங்கள். இப்போது இறுகி நின்றால் டேங்க் பக்கம் சுத்தம். கோளாறு எஞ்சின் பக்க மூட்டிலோ அதற்கு உள்ளேயோ இருக்கிறது. இப்போதும் இறுகாவிட்டால் டேங்க் பக்க மூட்டின் ஓ-ரிங் அல்லது பல்ப்பின் உள்வால்வு. பல்ப்மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் கழற்றிய கனெக்டரை மணலில் போடுவதுதான் பாதி வியாதி. குண்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே ஒரு மணல் நின்றால் போதும், மூடவும் செய்யாது, திறக்கவும் செய்யாது. நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, ஓ-ரிங்கில் ஒரு சொட்டு ஆயில் விட்டு, ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையைக் கட்டி வைத்தால் நாள் நிற்கும்.

கூலண்ட் குழாய்

இங்கே லாக் பெரும்பாலும் ஒரு கம்பி. அதை இழுத்து மேல்படிக்கு ஏற்றிவிட்டுக் கழற்ற வேண்டும், முழுதாகப் பிடுங்கித் தூர வைக்க வேண்டாம். ஒழுகிய இடத்தில் வெளிறிய, சில நேரம் கூலண்டின் நிறத்திலேயே, உப்புப் படிவம் இருக்கும். ரேடியேட்டர் சூடாக இருக்கும்போது இதில் கை வைக்கவே கூடாது.

ஓ-ரிங்கும் கனெக்டரும் வாங்கும்போது

தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் ஓ-ரிங் பெட்டியில் அளவு சரியாக ஒன்று கிடைத்துவிடும். அதைப் போடாதீர்கள். கூலண்டுக்கு உகந்த ஈ.பி.டி.எம். ரப்பர் பெட்ரோல் பட்டால் ஊதிக் கூழாகிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு எஃப்.கே.எம். வகை வேண்டும், கடையில் ‘விட்டான்’ என்று கேட்டால் தெரியும். பச்சை அல்லது பழுப்பு நிறம் என்பதை மட்டும் வைத்து நம்பி வாங்கக் கூடாது, கருப்பிலும் நல்லது உண்டு, பச்சையிலும் போலி உண்டு. பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கனெக்டரின் அளவு குழாய் முனையின் வெளிவிட்டம். 6.30, 7.89, 9.49, 9.89, 11.80 மில்லிமீட்டர் என்று வரும். 9.49-க்கும் 9.89-க்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 9.49 குழாயில் 9.89 கனெக்டர் தாராளமாகப் போகும், சில நேரம் லாக்கும் விழும், பிறகு ஒழுகும். பழைய கனெக்டரைக் காட்டிக் கண்ணளவில் வாங்காமல், குழாய் முனையை வெர்னியர் என்ற அளவுகோல் வைத்து அளந்து, அந்த எண்ணைச் சொல்லி வாங்குங்கள். சுற்றுமேட்டின் மேல் அளக்கக் கூடாது, அதற்கும் நுனிக்கும் நடுவே ஓ-ரிங் உட்காரும் வழவழப்பான இடத்தில் அளக்க வேண்டும்.